பக்கத்து சீட்டைப் பாருங்க

நல்ல மனசுன்னு மட்டும் சொல்லாத தாயி. வேற என்ன வேணா சொல்லு. வாய் பெருசுன்னு சொல்லு, ஊரே கேக்குற மாதிரி கத்துறேன்னு சொல்லு, ஒத்துக்கிறேன். உன் வீட்டுக்காரரு திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுல தண்ணி பாட்டில் வாங்க எறங்குனாரு. கண்டக்டரு பாட்டுக்கு விசிலக் குடுத்துட்டாரு. நீ ஜன்னல்ல தலைய விட்டுத் தேடுற, உனக்குக் குரலே வரல. எனக்கு வந்துருச்சு, கத்துனேன். அம்புட்டுத்தான். அந்தா பாரு, முன் சீட்டுல உக்காந்து இன்னும் மூச்சு வாங்குறாரு. வாங்குன தண்ணிய முதல்ல அவரக் குடிக்கச் சொல்லு.

கண்டக்டரு என்னைய மொறைக்கிறாரு பாத்தியா? "யம்மா, தட்டித் தட்டி பஸ்ஸையே ஒடைச்சுருவீக போல"ங்கிறாரு. தட்டத்தான் செஞ்சேன். ஒரு ஆள விட்டுட்டு வண்டி கெளம்புதுன்னா என்னால சும்மா உக்கார முடியல. போன ஆவணியில இருந்துதான் இப்படி. அதுக்கு முந்தி நான் இப்படி இல்ல.

நீ எங்க போற, நாமக்கல்லா? நான் கரூர்ல எறங்கிருவேன். ஒண்ணரை மணி நேரம் இருக்கு. சொல்லவா? சொல்லிட்டா நீ அந்த நல்ல மனசத் திரும்ப வாங்கிக்கிருவ. வாங்கிக்க.

எம் பேரு குருவம்மா. அருப்புக்கோட்டைப் பக்கம். சத்துணவு அமைப்பாளரா முப்பத்தோரு வருசம் வேலை பாத்து ரிட்டையர் ஆனவ. எனக்கு வேற எது தெரியுதோ இல்லையோ, தலை எண்ணத் தெரியும். நூத்தி நாப்பது பிள்ளைக பந்தியில உக்காந்துருந்தா ஒரு பார்வையில சொல்லிருவேன், இன்னைக்கு நாலு பேரு வரலன்னு. யாரு யாருன்னும் சொல்லுவேன். எட்டத்துல வர்ற பஸ்ஸு போர்ட இன்னைக்கும் எல்லாருக்கும் முந்தி நான்தான் படிப்பேன். கிட்டத்து எழுத்துதான் மசமசங்கும், அதுக்கு ஒரு கண்ணாடி வச்சுருக்கேன்.

வீட்டுக்காரரு போயி ஆறு வருசமாச்சு. மகன் ஓசூர்ல இருக்கான். ரிட்டையர் ஆகி வீட்டுல உக்காந்து செவுத்தப் பாத்துக்கிட்டு இருந்தேனா, என் தம்பி பொண்டாட்டிதான், "மதினி, மதுரையில இருந்து டூர் பஸ் போகுதாம், ஹம்பி, பாதாமி, பிஜப்பூரு, ஏழு நாளு, சமையக்காரரு கூடவே வர்றாராம், போயிட்டு வாங்க"ன்னா. கோயில் குளம்னாக் கூடப் பரவாயில்ல, இடிஞ்ச கோட்டையப் பாக்க எதுக்குன்னு கேட்டேன். "இடிஞ்சது உங்களப் பாத்து பயப்படாது மதினி, தைரியமாப் போங்க"ன்னா. அவளுக்கு எப்பவும் என்னையக் கேலி பண்ணணும்.

பஸ்ல முப்பத்தெட்டு பேரு. இளங்குமரன்னு ஒரு தம்பிதான் டூர் மேனேஜர். அந்தத் தம்பி ஒரு மொறை வச்சுருந்துச்சு. தனியா வந்தவுகள ரெண்டு ரெண்டு பேராச் சேத்துரும். பஸ்ல பக்கத்து பக்கத்து சீட்டு, லாட்ஜுல ஒரே ரூமு. ஜோடின்னு பேரு. அப்புறம் யாரும் முன் சீட்டுக்குச் சண்டை போடக் கூடாதுன்னு தினமும் ஒரு வரிசை பின்னால நகரணும். முக்கியமான மொறை என்னன்னா, வண்டி எடுக்குறதுக்கு முந்தி தம்பி தலை எண்ணாது. வாசல்ல நின்னு, "பக்கத்து சீட்டைப் பாருங்க!"ன்னு கத்தும். ஒவ்வொருத்தரும் அவுகவுக ஜோடியப் பாத்து "இருக்காங்க"ன்னு சொல்லணும். எல்லாரும் சொன்னாத்தான் வண்டி நகரும். ஏன்னு கேட்டேன். "நான் எண்ணுனா தப்பு வரும்க்கா. பக்கத்துல உக்காந்தவங்களுக்குத் தப்பு வராது"ன்னுச்சு. எண்ணுறதுல நான் யாருன்னு சொன்னேன். அதுல இருந்து கடைசியா என்னைய ஒரு பார்வை பாக்கும், நான் ஒருதரம் பஸ்ஸச் சுத்திப் பாத்துட்டுத் தலையாட்டுவேன். ரெண்டு நாளுல அதுவே வழக்கமாயிருச்சு. பெருமையாத்தான் இருந்துச்சு, அத ஏன் மறைக்கணும்.

என் ஜோடி யாருன்னா பூவாத்தா. கரூர்க்காரி. என்னைய விட நாலு வயசு சின்னவ. கல்யாணம் ஆகல, அண்ணன் பிள்ளைகள ஆளாக்கி விட்டுட்டுத் தனியா இருக்கா. துண்டு, திரைச்சீலை தைச்சு வெளிநாட்டுக்கு அனுப்புற கம்பெனி கரூர்ல நெறைய இருக்குல்ல, அதுல ஒண்ணுல செக்கிங். ஒரு நாளைக்கு ஆயிரம் துண்டு இவ கையில வரும். விரிச்சுப் பாத்து, நூலு பிரிஞ்சிருக்கா, கறை இருக்கான்னு பாத்து, மடிச்சுப் போடணும். முப்பது வருசமா அதே வேலை. ஹம்பியில கல் தூணத் தடவித் தடவிப் பாத்துட்டு, "ஏனுங்க்கா, ஒரு பிசிறு இல்லீங்க. பாஸ் பண்ணிப் போடலாமுங்க"ன்னா. நான் சிரிச்ச சிரிப்புல வழிகாட்டிக்காரரு பேச்ச நிறுத்திட்டாரு.

எனக்கு அப்படிச் சிரிச்சு எம்புட்டு நாளாச்சுன்னு எனக்கே தெரியல தாயி. மூணே நாளுதான். என் காராச்சேவு டப்பா அவ மடியில, அவ நெல்லிக்கா ஊறுகா என் தட்டுல. அவளுக்குச் சக்கரை வியாதி, மாத்திரை அட்டையில இங்கிலீசுல எழுதிருக்குற பேரு படிக்க வராது. சாயங்காலம் லாட்ஜுக்கு வந்ததும் நான் கண்ணாடியப் போட்டு, இது காலையில, இது ராத்திரின்னு பிரிச்சுக் குடுப்பேன். "ஏனுங்க்கா, அர மைலுக்கு அந்தாண்ட போற பஸ்ஸு போர்டப் படிக்கறீங்க, கையில இருக்கற அட்டை தெரியலீங்களா?"ன்னு கேலி பண்ணுவா. எனக்கு முட்டி வலி. படி ஏறும்போது பின்னால நின்னு இடுப்புல கைய வச்சுத் தாங்கிக்கிருவா.

தம்பி பொண்டாட்டி போன் போட்டா, எப்படி மதினி இருக்குன்னு. பாதாமியில இருந்து சொன்னேன், "நல்லாருக்கு. கரூர்ப் பிள்ளை ஒண்ணு, பாவம், தனியா வந்துருக்கு. நான்தான் கூட வச்சுப் பாத்துக்கிறேன்"னு.

அஞ்சாம் நாளு பிஜப்பூரு. முந்தின நாளே உடுமலைப்பேட்டை டீச்சரம்மா ஒருத்தி, சுகந்தின்னு பேரு, வீட்டுக்காரரோட வந்துருந்தா, அவ பூவாத்தாகிட்ட ஒட்டிக்கிட்டா. ரெண்டு பேரும் ஒரே சீமை. "வாங்கோ, போங்கோ"ன்னு ஆரம்பிச்சாகன்னா எனக்குப் பாதி புரியாது. காலையில கோல் கும்பாஸுக்குப் போனதும் டீச்சரு, "எல்லாரும் நில்லுங்க, போட்டோ எடுக்கலாம்"ன்னா. நானும் முந்தானைய இழுத்து விட்டுக்கிட்டுப் போயி நின்னேன். பூவாத்தா தன் போனை எடுத்து எங்கிட்ட நீட்டுனா. "அக்கா, நீங்க எடுத்துக் குடுங்க. உங்களுக்குத்தான் கண்ணு நல்லாத் தெரியும்."

எடுத்தேன். அவுக மூணு பேரு, பின்னால கவுத்து வச்ச மாதிரி அம்மாம் பெரிய கும்பா. நல்லா எடுத்தேன். அப்புறம் நீங்களும் வாங்கன்னு யாராச்சும் கூப்புடுவாகன்னு போனைக் கையில வச்சுக்கிட்டே நின்னேன். கூப்புடல. அவுகளுக்குத் தோணல, அம்புட்டுத்தான். வயசான காலத்துல இதெல்லாம் ஒரு விசயமான்னு நீ நெனைக்கலாம். எனக்கு அன்னைக்கு அது விசயமா இருந்துச்சு.

அந்தக் கட்டடத்தப் பத்தி உனக்குத் தெரியுமா? ஒரு சுல்தான் சமாதி. உள்ள ஒரே ஒரு மண்டபம், மேல ஒரே ஒரு கும்பா. ஏழு மாடி ஏறணும், மூலையில குறுகலாப் படி. ஏறுனா கும்பாவோட உள்பக்கம் சுத்தி ஒரு நடைபாதை. இங்கிட்டு நின்னு செவுத்துக்கிட்ட வாய வச்சு முணுமுணுன்னு பேசுனா, அங்கிட்டு அத்தனை தூரத்துல செவுத்துல காத வச்சவுகளுக்குப் பளிச்சுன்னு கேக்கும். கைதட்டுனா ஏழெட்டுத் தடவ திரும்பி வரும். பூவாத்தாதான் என்னைய ஏழு மாடியும் தாங்கிக்கிட்டு ஏத்துனா. அத முதல்ல சொல்லிருக்கணும், பின்னால சொல்றேன் பாரு. அவ இல்லாட்டி நான் ரெண்டாவது மாடியில உக்காந்துருப்பேன்.

மேல போனதும் அங்க ஒரு போர்டு, பொடி எழுத்து. கண்ணாடியப் போட்டு எழுத்துக் கூட்டிப் பாத்தேன், இங்கிலீசு, அர்த்தம் புரியல. கழட்டி, உக்காந்த எடத்துல பக்கத்துல வச்சேன். பூவாத்தா சொன்னா, "அக்கா, நீங்க இங்கயே சாஞ்சு உக்காருங்க. நான் அந்தப் பக்கம் போயி உங்க பேரைச் சொல்றன். கேக்குதான்னு பாருங்க." டீச்சரும் அவளும் சுத்திப் போனாக. நான் செவுத்துல காத ஒட்ட வச்சுக்கிட்டுக் கண்ண மூடிக் காத்துருந்தேன். என் பேரு வரும் வரும்னு.

என் பேரு வரல. முதல்ல டீச்சரு குரல். "அந்தம்மா உங்களுக்குச் சொந்தமுங்களா?" அப்புறம் பூவாத்தா. "இல்லீங்க டீச்சர். பாவம், தனியா வந்திருக்காங்க. அதான் நான் கூட வெச்சுப் பாத்துக்கறன்."

அந்தக் கும்பா இருக்கே, அது ஒண்ண ஒரு தடவ சொல்லாது. பாவம், பாவம்னு எனக்குள்ள எத்தன தடவ கேட்டுச்சோ. அதுக்குப் பொறவுதான், "குருவம்மாக்கா... கேக்குதுங்களா?"ன்னு கூப்புட்டா. சிரிச்சுக்கிட்டே கூப்புட்டா. நான் செவுத்துல இருந்து காத எடுத்துட்டேன்.

என்ன சிரிக்கிற? நான் போன்ல சொன்னத நெனைச்சா? அது வேற தாயி. நான் அக்கறையில சொன்னது. என் வீட்டாள்கிட்டச் சொன்னது. அவ மூணாவது மனுசிகிட்டச் சொல்றா. ரெண்டும் ஒண்ணா? சரி, ஒண்ணுன்னே வச்சுக்க. எனக்கு அன்னைக்கு ஒண்ணாத் தெரியல.

வேடசந்தூர் தாண்டிருச்சா? தாண்டிருச்சு.

யாருகிட்டயும் சொல்லாம, ஒரு கையால செவுத்தப் பிடிச்சுக்கிட்டு ஏழு மாடியும் நானே எறங்குனேன். முட்டி ரெண்டும் கழண்டு போச்சு. கழண்டா கழலட்டும்னு எறங்குனேன். நேரா பஸ்ஸுக்கு வந்து உக்காந்துட்டேன். அன்னைக்கு எங்க வரிசை நகர்ந்து நகர்ந்து கடைசிக்கு வந்துருந்துச்சு. எங்களுக்குப் பின்னால ஆளே கெடையாது.

சித்த நேரங்கழிச்சு பூவாத்தா வந்தா. பையச் சீட்டுல வச்சா, போனைச் சார்ஜுல போட்டா. "ஏனுங்க்கா, சொல்லாமக் கொள்ளாம வந்துட்டீங்க? நான் பயந்தே போயிட்டன்"னா. தலைவலின்னேன். என் முகத்தப் பாத்தா. "கண்ணாடி எங்கீங்க?" எங்கயோ கெடக்கும்னேன். "இதா வந்தர்றனுங்க"ன்னு எறங்கிப் போயிட்டா. டீச்சரப் பாக்கத்தான் போறான்னு நான் நெனைச்சேன். போகட்டும், பாவம் இல்லாத ஆளுககூடப் போயி உக்காரட்டும்னு நெனைச்சேன்.

பதினொன்றரைக்கு வண்டி எடுக்கணும். டீச்சரு, அவ வீட்டுக்காரரு, எல்லாரும் ஏறியாச்சு. பூவாத்தாவக் காணோம். இளங்குமரன் தம்பி வாசல்ல நின்னு, "பக்கத்து சீட்டைப் பாருங்க!"ன்னுச்சு. முன்னால இருந்து ஒவ்வொரு வரிசையா "இருக்காங்க, இருக்காங்க"ன்னு வருது. நான் ஜன்னல் வழியாப் பாத்தேன். கட்டடத்துல இருந்து கேட்டுக்கு நீளமா ஒரு பாதை, ரெண்டு பக்கமும் புல்லு. அந்தக் கோடியில பச்சைச் சேலை. பூவாத்தா. வேகமா வர்றா. வலது கையத் தூக்கி ஆட்டிக்கிட்டே வர்றா.

எங்க வரிசைக்கு வந்துருச்சு. பக்கத்து சீட்டப் பாத்தேன். அவ பை உக்காந்துருந்துச்சு. "இருக்காங்க"ன்னேன்.

தம்பி வழக்கம்போல என்னையப் பாத்துச்சு. நான் பஸ்ஸச் சுத்தி ஒரு பார்வை பாத்துட்டுத் தலையாட்டுனேன். வண்டி நகந்துருச்சு.

ஏன் சொன்னேன்னு கேக்காத. நானே கேட்டுக் கேட்டு ஓஞ்சு போயிட்டேன். அஞ்சு நிமிசம் ஓடட்டும், தனியா நிக்கிறதுன்னா என்னன்னு அவளுக்கும் கொஞ்சம் தெரியட்டும், அப்புறம் நானே கத்தி நிறுத்தலாம்னு நெனைச்சேன். சத்தியமா நெனைச்சேன். அஞ்சு நிமிசம் ஆச்சு. இப்பச் சொன்னா, அப்ப ஏன் இருக்காங்கன்ன, தலைய ஏன் ஆட்டுனன்னு கேப்பாகளே? அந்த மெயின் ரோடு போகட்டும்னு பாத்தேன். அப்புறம் ஒரு ரயில்வே கேட்டு. அப்புறம் ஒரு ஊரு. ஒவ்வொண்ணு தாண்டவும் சொல்றது இன்னுங் கஷ்டமாயிருச்சு. வாயத் தொறந்தேன், கொட்டாவி விடுற மாதிரி மூடிக்கிட்டேன். அவ பைக்குள்ளதான் மாத்திரை, பர்ஸு, எல்லாம். போன் எம் பக்கத்துல சார்ஜுல. அவளுக்குக் கன்னடம் தெரியாது, இந்தி தெரியாது. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே ஒண்ணரை மணி நேரம் உக்காந்துருந்தேன்.

சாப்பாட்டுக்கு ஒரு புளியமரத்தடியில நிறுத்துனாக. தட்டுப் போடும்போதுதான் சமையக்காரரு, "ஒரு தட்டு மிச்சம் இருக்கே"ன்னாரு. தம்பி பதறிப் போயி பூவாத்தா போனுக்கு அடிச்சுச்சு. அது என் பக்கத்து சீட்டுல கெடந்து மணியடிக்குது. எல்லாரும் என்னையப் பாக்குறாக.

அப்ப வந்துச்சு பாரு என் வாயில இருந்து ஒரு பொய்யி. யோசிக்கவே இல்ல. "முன்னால டீச்சரு பக்கத்துல உக்காந்துருக்கான்னு நெனைச்சேன்யா. அங்க பச்சைச் சேலை தெரிஞ்சுச்சு. டீச்சரும் பச்சைதான கட்டிருக்காக. கண்ணாடி வேற தொலைஞ்சு போச்சு, கண்ணாடி இல்லாம எனக்கு என்ன தெரியுது?"ன்னு சொல்லி அழுதேன். அழுகை நெசம். மத்ததெல்லாம் பொய்யி. டீச்சரு என் தோள்ல கை போட்டு, "அழுகாதீங்கம்மா, உங்க மேல தப்பில்லை"ன்னா. எல்லாரும் அந்த இளங்குமரன் தம்பியத் திட்டுனாக. தலை எண்ணத் தெரியாத நீயெல்லாம் என்ன மேனேஜருன்னு ஒருத்தரு கேட்டாரு. தம்பி எங்கிட்ட வந்து மன்னிப்புக் கேட்டுச்சு தாயி. "உங்களுக்குக் கண்ணாடி இல்லைன்னு நான் கவனிச்சிருக்கணும்க்கா"ன்னுச்சு. சாப்புடாமயே வண்டியத் திருப்புனாக.

கேட்டுக்கிட்ட, ஒரு வேப்பமரத்தடியில உக்காந்துருந்தா. பக்கத்துல ஒரு முஸ்லிம் அம்மா, வெள்ளரிக்கா விக்கிறவுக, முந்தானையால விசிறிக்கிட்டு இருந்தாக. பாஷை தெரியாம அவுகதான் மூணு மணி நேரம் இவளப் பாத்துக்கிட்டுருக்காக. தண்ணி குடுத்து, ரொட்டி குடுத்து, மணிக்கட்டுல துணியக் கட்டி விட்டுருக்காக. பஸ்ஸு நகரவும் இவ ரோட்டுல பின்னாலயே ஓடி வந்துருக்கா. கால் தட்டிக் குப்புற விழுந்துருக்கா. விழும்போது மனுசரு கைய விரிச்சு ஊனுவாக இல்லையா? இவ ஊனல. வலது கைய இறுக்கி மூடிக்கிட்டே விழுந்துருக்கா. மணிக்கட்டு ஒடைஞ்சு போச்சு.

கையில என் கண்ணாடி இருந்துச்சு.

அந்த ஏழு மாடியும் ரெண்டாந்தடவ ஏறிப் போயி எடுத்துட்டு வந்துருக்கா. கண்ணாடியில ஒரு கீறல் இல்ல.

இரு, கொஞ்சம் தண்ணி குடிச்சுக்கிறேன்.

எல்லாரும் சுத்தி நின்னு பேசுறாக. டீச்சரு சொன்னா, "பாவம், குருவம்மா அழுத அழுகை இருக்கே, கண்ணாடி இல்லாம அவங்களுக்கு ஆள் தெரியலையாம்"ன்னு. பூவாத்தா நிமுந்து என்னையப் பாத்தா. துண்டுல கறை இருக்கான்னு பாப்பான்னு சொன்னேன்ல, அப்படி ஒரு பார்வை. ரொம்ப நேரமில்ல. அப்புறம் எல்லாருக்கும் கேக்குற மாதிரிச் சொன்னா, "ஆமாங்க, அக்கா மேல தப்பில்லீங்க. கண்ணாடி எங்கிட்டத்தானுங்க இருந்துச்சு. அது இல்லாம அவிங்களுக்கு எப்படித் தெரியும்?"

உனக்குப் புரிஞ்சுருச்சு, முகத்துலயே தெரியுது. அது கிட்டத்துக் கண்ணாடி தாயி. மாத்திரை அட்டை படிக்கிற கண்ணாடி. அது அந்தப் பஸ்லயே ரெண்டு பேருக்குத்தான் தெரியும். எனக்கும் அவளுக்கும்.

ஆஸ்பத்திரியில கட்டுப் போட்டு, திரும்பி பஸ்ல ஏறி என் பக்கத்து சீட்டுல உக்காந்தா. இடது கையால கண்ணாடிய எம் மடியில வச்சா. "வெச்சுக்கோங்க்கா. பொழுதோட மாத்திரை அட்டை படிக்கோணுமில்லீங்க"ன்னா. வேற ஒண்ணும் சொல்லல. அன்னைக்கும் இல்ல, அதுக்குப் பொறவும் இல்ல. ஒரு வார்த்தை திட்டிருந்தாக் கூட நான் பொழைச்சுருப்பேன்.

இன்னும் ரெண்டு நாளு டூர் பாக்கி இருந்துச்சு. அவளால தலை வார முடியல. நான்தான் வாரிச் சடை போட்டு விட்டேன். பின்னால நின்னு வாரும்போது முகத்தப் பாக்க வேண்டியதில்ல பாரு, அது எனக்கு வசதியா இருந்துச்சு. ரெண்டு நாளும் இப்பச் சொல்லிருவோம், இந்தப் பின்னல் முடியவும் சொல்லிருவோம்னு நெனைப்பேன். ரப்பர் பேண்டு போட்டு, "முடிஞ்சுச்சு"ம்பேன். "நல்லாப் பின்றீங்க்கா"ம்பா.

கட்டுப் பிரிச்சும் கை பழையபடி வரலையாம். நாள் பூரா துண்டு விரிச்சு மடிக்க முடியல, வேலைய விட்டுட்டேன்னு டூர் ஆளுக போன் குரூப்புல போட்டுருந்தா. சும்மா, சேதி மாதிரி. எனக்குத் தினமும் காலையில ஆறு மணிக்குப் பூப்படம் போட்டுக் காலை வணக்கம் அனுப்புறா. ஒரு நாள் தவறல. நான் பதிலுக்குக் கும்புடு போடுவேன். அதுக்கு மேல என்னத்த அனுப்ப?

போன வாரம் ஒரு சேதி அனுப்பிருக்கா. அதே டூர்க்காரக அடுத்த மாசம் ஹைதராபாத் கூட்டிட்டுப் போறாக. "அக்கா, நான் வாறன்னு சொல்லிட்டனுங்க. உங்க பேரையும் குடுத்துட்டன். உங்க பக்கத்து சீட்டே போடச் சொல்லியாச்சு." சொல்லாம அந்தச் சீட்டுல போயி உக்கார என்னால முடியாது. மறுபடியும் ஒரு தம்பி வாசல்ல நின்னு பக்கத்து சீட்டப் பாருங்கன்னு கத்தும்ல? நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் பாக்க?

போன்ல சொல்ல மாட்டேன். நேர்லதான் சொல்லணும். நீளமாக் கூட இல்ல, ஒரே வார்த்தை. பாத்தேன். நீ கையத் தூக்கிக்கிட்டு வந்தத இந்தக் கண்ணால பாத்தேன், பாத்துட்டுத்தான் இருக்காங்கன்னு சொன்னேன். அம்புட்டுத்தான. அவளுக்குத் தெரிஞ்சதுதான. ஆனா தெரியும்னு அவ சொல்லாம வச்சுருக்கா. சொல்ல வேண்டியது நான்.

இதுக்கு முந்தி ரெண்டு தடவ கரூர் வரைக்கும் வந்துருக்கேன். ரெண்டு தடவையும் பஸ் ஸ்டாண்டுல ஒரு காப்பியக் குடிச்சுட்டு அடுத்த மதுரை பஸ்ஸப் பிடிச்சுத் திரும்பிட்டேன். போகையிலயும் வரையிலயும் பக்கத்துல உக்காந்தவுககிட்ட எல்லாம் சொல்லியாச்சு. உன்னையச் சேத்து அஞ்சு பேரு. ஒவ்வொருத்தரும் நீங்க வருத்தப்படுறீங்கள்ல அதுவே பெருசும்மான்னு சொல்லிட்டு எறங்கிப் போயிட்டாக. எனக்கும் கொஞ்சம் லேசாயிரும், அந்த லேசோட ஊருக்குத் திரும்பிருவேன். நீ அப்படிச் சொல்லிராத.

அந்தா, கரூர் வந்துருச்சு. இந்த மஞ்சப்பைய எடுத்துக் குடு. காராச்சேவுதான், அவளுக்குப் பிடிக்கும்.

பஸ்ஸு இங்க பத்து நிமிசம் நிக்கும். உன்கிட்ட ஒண்ணு கேக்கணும் தாயி. எறங்குனதும் இடது பக்கம் போனா டவுன் பஸ்ஸு, அவ வீட்டுக்குப் போறது. வலது பக்கம் மதுரை பஸ்ஸு. என் காலு ரெண்டு தடவையும் வலது பக்கம்தான் போச்சு. நீ ஜன்னல்லதான உக்காந்துருக்க, என்னையவே பாத்துக்கிட்டு இரு. நான் மதுரை பஸ்ஸுப் பக்கம் திரும்புனேன்னு வையி, கத்து. உன் வீட்டுக்காரருக்கு நான் கத்துனேன்ல, அந்த மாதிரி. குரல் வரலன்னா பஸ்ஸத் தட்டு. கண்டக்டரு திட்டுனாத் திட்டிட்டுப் போறாரு.